டால்பின் வேட்டையைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டா?

"ஜப்பானின் தாய்ஜியில் டால்பின்களைக் கொல்வது அவர்கள் பண்பாடு. ஜல்லிக்கட்டை வெளியார் குறை சொன்னபோது நாம் கொதித்தோம். ஆடும் கோழியும் தின்கிற நாம் ஜப்பானியர்களைக் கண்டிக்கலாமா?" இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். பொதுத்தாள் (ஜெனரல் பேப்பர்) வகுப்பில் இதை விவாதித்தார்களாம். ஒரு மாணவி காணொளியைக் காட்டிவிட்டு அழுதாராம். கூடப் படிக்கும் ஜப்பானியப் பையன் கடைசிவரை வாயே திறக்கவில்லையாம். "அவரவர் பண்பாடு அவரவர்க்கு" என்று சொல்லி முடித்துவைத்துவிட்டார்கள், எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை என்கிறார். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு ஒசாக்கா போகிறார்களாம். அங்கிருந்து தாய்ஜிக்குப் போய்ப் பார்க்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

தம்பி, மனசு ஒப்பாததே நல்லது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டிக்கலாம். தாய்ஜியில் நடப்பது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நம் பையிலிருந்து போகும் காசு எந்தக் கடலில் என்ன செய்கிறது என்று பார்க்காமல் பேசும் கண்டனத்துக்கு மதிப்பில்லை. பல காலம் உயர்நிலைப்பள்ளியில் உயிரியல் நடத்தியவன் என்பதால் உயிரினத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தாய்ஜி, வாக்கயாமா வட்டாரத்துக் கடலோரச் சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 3,000. செப்டம்பரில் வேட்டைப் பருவம் தொடங்கி குளிர்காலம் முழுக்க நீடிக்கும். விடியலில் படகுகள் ஆழ்கடலுக்குப் போகும். டால்பின் கூட்டம் தென்பட்டதும் படகுகள் வரிசை கட்டி அதற்கும் ஆழ்கடலுக்கும் நடுவே வந்து நிற்கும். ஒவ்வொரு படகிலும் தண்ணீருக்குள் நீளும் இரும்புக் குழாய் இருக்கும், அடிமுனை அகன்று விரிந்தது. மேல்முனையைச் சுத்தியலால் ஓயாமல் அடிப்பார்கள். டால்பினுக்குக் கண்ணைவிடக் காதுதான் துணை. ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துத்தான் அது வழியும் இரையும் அறிகிறது. அதற்கு இந்த இரைச்சல் ஒரு சுவர். சுவர் இல்லாத பக்கமாக ஓடி, கரையோரம் ஒரு சிறு குடாவுக்குள் அடைபடுகிறது. பின்னால் வலை விழுகிறது.

அடைபட்ட கூட்டம் சில நேரம் இரவு முழுக்க அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். பிறகு பயிற்சியாளர்கள் இறங்கி, தழும்பில்லாத இளம் உருப்படிகளாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். அவை மீன்காட்சியகங்களுக்கு. மிஞ்சியவற்றைத் தார்ப்பாய் மறைப்புக்குள் ஆழமில்லாத இடத்துக்கு இழுத்துப் போவார்கள். மூச்சுத்துளைக்குப் பின்னால், தண்டுவடத்தைக் குறிவைத்து இரும்புக் கம்பியைக் குத்தி இறக்குவார்கள். ரத்தம் கடலில் பரவாமலிருக்க அந்தத் துளையில் மரமுளை அடிப்பார்கள். இந்த முறையில் நொடிகளில் சாவு நேர்கிறது என்பது வேட்டைத் தரப்பின் வாதம். கால்நடை மருத்துவ அறிஞர்கள் சிலர் காணொளிப் பதிவு ஒன்றை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை அதை மறுத்தது. அந்தப் பதிவில் இருந்த டால்பின் குத்தப்பட்ட பிறகு நான்கு நிமிடத்துக்கும் மேல் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அதன் கூட்டம் உயிரோடு நிற்கிறது.

அந்தக் கூட்டம் என்பது என்ன? குட்டி வயிற்றில் ஏறக்குறைய ஒரு வருடம். பிறப்பது ஒன்றே ஒன்று. அது ஆண்டுக்கணக்கில் தாயை விட்டு அகலாது. ஒவ்வொரு பாட்டில்மூக்கு டால்பினுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு, நமக்குப் பெயர் இருப்பது மாதிரி. கூட இருந்த டால்பினின் சீழ்க்கையை இருபது ஆண்டு கழித்தும் அடையாளம் கண்டதைச் சோதனை காட்டியிருக்கிறது. கண்ணாடியில் தெரிவது தானே என்று புரிந்துகொள்வதை 2001-இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு பதிவு செய்தது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சில பெண் டால்பின்கள் கடற்பஞ்சை மூக்கில் மாட்டிக்கொண்டு மணலைக் கிளறி மீன் பிடிக்கின்றன. தாய் செய்வதைப் பார்த்து மகள் கற்றுக்கொள்வது அது. பண்பாடு என்று பேசத் தொடங்கினால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி தாய்ஜியின் பண்பாடு. அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். 1606-இலேயே அங்கே திமிங்கில வேட்டைக் குழுக்கள் அமைந்துவிட்டன. 1675 வாக்கில் வலை போட்டுப் பிடிக்கும் முறை வந்தது. 1878 டிசம்பரில் குட்டியோடு வந்த ஒரு திமிங்கிலத்தைத் துரத்திப் போன படகுகள் புயலில் சிக்கி நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் திரும்பவில்லை. ஒரு சிற்றூருக்கு அது எப்பேர்ப்பட்ட இழப்பு என்று நினைத்துப் பார். கொன்ற திமிங்கிலங்களுக்கு அங்கே நினைவுக்கல் எழுப்பி ஆண்டுதோறும் சடங்கு செய்கிறார்கள். இரக்கமே அறியாத மனிதர்கள் என்று அவர்களைப் பேசுவது பொய்.

ஆனால் நீ காணொளியில் பார்த்த வேட்டைக்கு நானூறு வயதில்லை. விசைப்படகும் இரும்புக் குழாயுமாகக் கூட்டத்தையே குடாவுக்குள் ஓட்டிவரும் இன்றைய வழக்கம் 1969-இல் காலூன்றியது. ஊரில் திமிங்கில அருங்காட்சியகம் திறந்த ஆண்டும் அதுதான். அதன் குளத்தில் விட உயிருள்ள விலங்குகள் தேவைப்பட்டன. இன்றும் வேட்டையைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கிராக்கிதான். இறைச்சியாக விற்றால் ஒரு டால்பினுக்குச் சில நூறு டாலர். பழக்கி உயிரோடு விற்றால் பல்லாயிரம். வேட்டைக்குப் போகிறவர்களோ ஊரிலேயே சின்னக் கூட்டம். இதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்தால் வாங்குகிறவர் மறைந்துகொள்ள வசதியாகிவிடுகிறது. 2015 ஏப்ரலில் உலக விலங்குக்காட்சியகச் சங்கம் ஜப்பானியச் சங்கத்தின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. அடுத்த மாதமே ஜப்பானியச் சங்கம் வாக்கெடுத்து, இனி எங்கள் உறுப்பினர்கள் தாய்ஜி வேட்டையில் பிடிபட்டதை வாங்கக்கூடாது என்று முடிவு செய்தது. வெளியிலிருந்து வந்த கண்டனம் உள்ளே ஒரு வாக்கெடுப்பாக மாறியது. உடன்பாடில்லாத சில காட்சியகங்கள் சங்கத்தை விட்டு விலகின என்பதும் உண்மை; அவற்றுக்கும் வெளிநாட்டுக்கும் விற்பனை நிற்கவில்லை.

வாங்குகிறவர் யார் என்று கேட்டால் பேச்சு நம் தீவுக்கு வந்துவிடும். செந்தோசாவில் திறக்கவிருந்த கடல்வாழ் உயிரினப் பூங்காவுக்காக 2008, 2009-இல் சாலமன் தீவுகளில் கடலிலிருந்து பிடித்த 27 டால்பின்கள் வாங்கப்பட்டன. கொல்லும் வேட்டையில் சிக்கியவையல்ல, விற்பதற்கென்றே பிடித்தவை. லங்காவியில் வைத்திருந்தபோது 2010-இல் இரண்டு, நுண்ணுயிர்த் தொற்றால் செத்தன. மீதியைப் பிலிப்பீன்ஸில் பழக்கினார்கள். 2012 நவம்பரில் அங்கிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் கொண்டுவரும் வழியில் மூன்றாவது இறந்தது. இங்குள்ள விலங்குநல அமைப்பான ஏக்கர்ஸ் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தது; ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். பூங்கா திறந்தது, சீட்டும் விற்றது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களை நான் ஏசவில்லை, பலருக்கு இந்தக் கதையே தெரியாது. தாய்ஜியைப் பேசுகிற அதே வகுப்பில் இதையும் பேசியிருந்தால் அந்த ஜப்பானியப் பையன் தனியாகக் கூண்டில் நின்றிருக்க மாட்டான். இத்தனைக்கும் நம் தென்தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் இளஞ்சிவப்பு டால்பின்கள் இன்றும் வந்துபோகின்றன. செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகில் போகிறவர்கள் சிலர் பார்த்திருக்கிறார்கள், இலவசமாக.

சூரை (டூனா) மீன் டின்னும் இந்தக் கணக்கில் வரும். கிழக்குப் பசிபிக்கில் சூரைக்கூட்டம் டால்பின்களுக்கு அடியில் நீந்தும். டால்பின்களைக் குறிவைத்துச் சுற்றுவலையை இறக்கினால் சூரை கிடைக்கும். இந்த வழக்கத்தில் 1950-களின் கடைசியிலிருந்து அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட டால்பின்கள் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். 1990-இல் டின்களில் 'டால்பின் பாதுகாப்பு' முத்திரை வந்ததற்குக் காரணம் அமெரிக்க நுகர்வோரின் கோபம். நமக்கு அருகே இந்தியப் பெருங்கடலில், 1950 முதல் 2018 வரை சூரைக்கென்று விரித்த செவுள்வலைகளில் சிக்கிய டால்பின் போன்றவை 41 லட்சம் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தாய்ஜியில் ஒரு பருவத்தில் சாவது சில நூறு. வலையில் மூச்சு முட்டிச் சாவதை யாரும் படம் பிடிப்பதில்லை. நோக்கம் இல்லாமல் கொல்வதும் நோக்கத்தோடு கொல்வதும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் தவறாமல் நடக்கும் என்று தெரிந்தே விரிக்கிற வலையை விபத்து என்று எத்தனை காலம் சொல்வது?

எல்லா வேட்டையையும் நான் ஒரே தராசில் வைப்பதில்லை. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் பைலட் திமிங்கிலங்களை (டால்பின் குடும்பத்தில் பெரிய வகை) கரைக்கு ஓட்டிக் கொல்லும் வழக்கத்துக்கு 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவு உண்டு. இறைச்சியை ஊரார் பங்கு போட்டுக்கொள்வார்கள். பயிர் அதிகம் விளையாத பாறைத் தீவில் ஒரு காலத்தில் அது பசியைத் தீர்த்தது. இன்று அங்கே பேரங்காடி இருக்கிறது. 2008-இல் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரிகளே பாதரசம் அதிகம், இந்த இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். 2021 செப்டம்பர் 12 அன்று ஒரே நாளில் 1,400-க்கு மேற்பட்ட வெள்ளைப்பக்க டால்பின்களை அடித்துத் தள்ளியபோது ஃபாரோ மக்களில் பலரே முகம் சுளித்தார்கள். மறு ஆண்டு அரசு அந்த வகை டால்பினுக்கு ஆண்டுக்கு 500 என்று வரம்பு வைத்தது. என்னைக் கேட்டால் 500-உம் அதிகம். ஆனாலும் விற்பனைக்குக் கொல்வதைவிடப் பங்குக்குக் கொல்வது எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

என்னைத் தடுமாற வைப்பது சாலமன் தீவுகளின் மலைட்டாவில் உள்ள ஃபனலெய் என்ற ஊர். சிறு தோணிகளில் போய், தண்ணீருக்குள் கல்லோடு கல்லை மோதி ஒலியெழுப்பி டால்பின்களைக் கரைக்கு ஓட்டுவார்கள். டால்பின் பல் அங்கே பணம். மணமகள் வீட்டுக்குக் கொடுக்கும் சீர் அதில்தான். 2010-இல் அமெரிக்க அமைப்பு ஒன்று பணம் தருகிறோம் என்று பேசி வேட்டையை நிறுத்த வைத்தது. பணம் வந்துசேர்வதில் தகராறு மூண்டு ஒப்பந்தம் முறிந்தது. 2013-இன் முதல் மூன்று மாதத்தில் 1,600-க்கு மேற்பட்ட டால்பின்கள் கொல்லப்பட்டன. பல்லின் விலையும் பத்தாண்டில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஏறியிருந்தது. குழாய்த்தண்ணீரும் மின்சாரமும் ஏர்கானும் உள்ள அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு, கடல் மட்டம் ஏறித் தங்கள் நிலத்தை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மக்களை நோக்கி நான் விரல் நீட்ட மாட்டேன். அந்த டால்பினின் வலி தாய்ஜி டால்பினின் வலிக்குக் குறைந்ததில்லை. மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கேட்கிற கேள்வியை அது இல்லாதவரிடம் அதே குரலில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜல்லிக்கட்டுக்கு வருவோம், உன் கேள்வியின் முள் அங்கேதான் இருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளையர்கள் திரண்டார்கள். இங்கே தேக்காவில் காப்பிக்கடை மேசைகளில்கூட வேறு பேச்சில்லை. தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. அன்றைய கோபத்தில் நியாயம் இருந்தது. நாட்டு மாட்டையும் அதை வளர்ப்பவனையும் அறியாதவர்கள், காளையின் பெயரைக்கூடக் கேட்காமல், காட்டுமிராண்டித்தனம் என்று முத்திரை குத்தினார்கள். அந்த அவமதிப்பைத்தான் நாம் எதிர்த்தோம். ஆனால் வாலை முறுக்குவதும் கண்ணில் எரிச்சலூட்டுவதைத் தேய்ப்பதும் நடக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு "எங்கள் பண்பாடு" பதிலாகாது. வாடிவாசலில் மருத்துவர் பரிசோதனை, வாலைப் பிடித்தால் வெளியேற்றம் என்று வந்த விதிகள்தான் பதில். சொன்னது யார் என்பதும் சொன்னது மெய்யா என்பதும் இரண்டு கேள்வி. முதல் கேள்விக்குக் கோபப்பட்டுக்கொண்டே இரண்டாவதற்கு உண்மையாகப் பதில் சொல்லலாம்.

ஜப்பானியர்களுக்கும் அந்தக் கோபம் உண்டு, அதற்கும் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகப் பசிபிக்கின் திமிங்கிலங்களைக் காலி செய்தது அமெரிக்க, ஐரோப்பியக் கப்பல்கள். ஜப்பான் தன் துறைமுகங்களைத் திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1853-இல் போர்க்கப்பலோடு வந்து மிரட்டியதற்கு, திமிங்கிலக் கப்பல்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பதும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பசியில் கிடந்த நாட்டில் திமிங்கில இறைச்சிக்கு ஊக்கம் கொடுத்ததும் அமெரிக்க ஆட்சிதான். அந்த நாடுகள் இன்று நீதிபதி இருக்கையில் உட்கார்ந்தால் எரிச்சல் வராதா? போதாக்குறைக்கு, 2011 சுனாமியில் பல்லாயிரம் பேர் மாண்டபோது "திமிங்கிலத்தைக் கொன்ற பாவம்" என்று இணையத்தில் எழுதியவர்களும் உண்டு. இது விலங்கன்பில் சேராது, வெறும் இனவெறுப்பு.

ஒரு பண்பாடு ஒரே குரலில் பேசுவதும் இல்லை. ஜப்பானில் டால்பின் வேட்டைக்கு எதிராக வழக்கு தொடுத்தவர்களிலும் தெருவில் நிற்கிறவர்களிலும் ஜப்பானியர்கள் உண்டு. ஷிசுவோக்கா வட்டாரத்து ஃபூட்டோவில் பரம்பரை டால்பின் வேட்டைக்காரர் ஒருவர் வேட்டையை விட்டுவிட்டு, டால்பின்களைக் காட்டப் பயணிகளைப் படகில் அழைத்துப் போனார். "அது ஜப்பான் பண்பாடு, நாம் வாய் திறக்கக்கூடாது" என்றால், அவரையும் அந்தப் பண்பாட்டுக்கு வெளியே தள்ளிவிடுகிறோம்.

நம் கடற்கரையையே எடுத்துக்கொள். துவாஸ் கப்பல்பட்டறையில் வேலை பார்க்கும் சேதுபாவாசத்திரத்துக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்தித்தால் கடல் பேச்சுதான். "எங்கப்பா காலத்துல ஆவுளியா மாட்டுனா தெருவுக்கே கறி சார். ஆட்டுக்கறி தோத்துப்போகும்பாரு. இப்ப எங்கண்ணன் வலையில மாட்டுனா வலையை அறுத்து விட்டுட்டு வர்றான். வலை போச்சேன்னு அண்ணி கத்தும், அவன் சிரிப்பான்" என்றார். ஆவுளியா என்பது கடல்பசு. பாக் விரிகுடாவில் அதை வேட்டையாடித் தின்றது நம் மீனவர்கள்தான். சட்டம் இருந்தது, ஆனால் மாற்றம் வந்தது அறிவியலாளர்களும் வனத்துறையும் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசியதால். விடுவித்தவருக்குப் பரிசு கொடுத்ததால். மீனவரே காவலர் ஆனதால். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. அதனால் அந்த மீனவர்களின் பண்பாடு குறைந்துபோனதாக அங்கே யாரும் நினைக்கவில்லை.

ஆடு, கோழி, பன்றிக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். பன்றிக்கும் அறிவு உண்டு, வலி உண்டு. நெருக்கிக் கட்டிய தொழிற்பண்ணையில் வாழ்நாள் முழுக்கக் கிடக்கும் பன்றி, கடலில் சுதந்திரமாக வாழ்ந்து கடைசி நாளில் சிக்கும் டால்பினைவிட அதிகம் துன்பப்படுகிறது என்றே நினைக்கிறேன். இந்த வாதத்தை வைத்து ஜப்பான் தரப்பு நம்மை மடக்கினால் மடங்கத்தான் வேண்டும். ஆனால் அதனால் தாய்ஜிக் குற்றம் லேசாகாது. நம் சுமை கூடுகிறது, அவ்வளவுதான். இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. இங்குள்ள கசாப்புக்கூடத்தில் விலங்கை எப்படிக் கொல்ல வேண்டும் என்று விதி உண்டு, மேற்பார்வை உண்டு. துரத்தி, இரவு முழுக்க அடைத்துவைத்து, உறவுகளுக்கு நடுவே குத்திக் கொல்வதை எந்தக் கூடமும் அனுமதிக்காது. இன்னொன்று, பண்ணை விலங்கின் வம்சம் நம் கையில் இருக்கிறது. கடல் விலங்கின் வம்சம் இல்லை. ஒரு கூட்டத்தையே வழித்தெடுத்தால் அதன் நினைவும் வழித்தடமும் அதோடு போய்விடும். நான் சைவம் இல்லை, தம்பி. ஆட்டிறைச்சியை முன்பைவிடக் குறைத்திருக்கிறேன், பண்ணை முட்டை வாங்கும்போது எப்படி வளர்த்த கோழி என்று பார்க்கிறேன். முழுச் சைவர்கள் இது போதாது என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, எனக்கு அதற்குப் பதிலில்லை. முழுத் தூய்மை உள்ளவர் மட்டும்தான் பேசலாம் என்றால் உலகில் எந்தக் கொடுமையைப் பற்றியும் யாரும் பேச முடியாது. கொடுமை செய்கிறவருக்கு அதைவிட வசதி வேறில்லை.

உன் வகுப்புத் தோழனிடம் போய்ப் பேசு. "நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள்" என்று தொடங்காதே. அவன் தாய்ஜியை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான். பெரும்பாலான ஜப்பானியர்கள் டால்பின் இறைச்சியை வாயில் வைத்ததே இல்லை. செந்தோசாக் கதையை முதலில் சொல், ஜல்லிக்கட்டில் நம்மவர்கள் என்ன பதில் சொன்னார்கள், என்ன சொல்லாமல் விட்டார்கள் என்பதையும் சொல். பிறகு அவன் என்ன நினைக்கிறான் என்று கேள்.

ஒசாக்காப் பயணத்துக்கு வருகிறேன். தெற்கே கியி தீபகற்பம் வரை ரயில் போகிறது, தாய்ஜியிலும் நிலையம் உண்டு. போவதில் தவறில்லை. டிசம்பர் வேட்டைப் பருவம். அந்தக் குடாவைச் சாலையோரமாக நின்றே பார்க்கலாம். ஊர்க்காரர்களைப் படம் பிடிக்காதே, வாக்குவாதத்தில் இறங்காதே. திமிங்கில அருங்காட்சியகத்தில் பழைய வேட்டைப் படகுகளும் கருவிகளும் இருக்கின்றன. வரலாற்று ஆர்வமுள்ளவனுக்குத் தவறவிட மனசு வராது. ஆனால் அதே வளாகத்தில் டால்பின் காட்சியும் நடக்கிறது, ஒரே நுழைவுச்சீட்டு. அதனால் நான் உள்ளே போகமாட்டேன். அந்தக் காசுக்குப் பக்கத்து ஊரில் ஒரு வேளை நன்றாகச் சாப்பிடுங்கள். நாச்சி அருவி அருகில்தான். குமானோ யாத்திரைப் பாதையில் அம்மா அப்பாவோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, மாலை ரயிலில் திரும்பிவிடலாம்.